பொதுக்காலத்துக்கு ஆசனம் இல்லை

என் மகள் ரீனாவின் கல்யாணத்துக்கு நாள் பார்த்த மாதத்தில் எங்கள் கோயிலுக்கு எப்படி உட்காருவது என்று தெரியாமல் போய்விட்டது. இரண்டாயிரம் வருடமாக நின்றும் உட்கார்ந்தும் முழந்தாளிட்டும் வந்த திருச்சபை, இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் ஜனவரி மாதம், புனே விஷ்ராந்த்வாடியில், புனித பொனவெந்தூர் கோயில் வளாகத்தில் வைத்து அதைச் சுத்தமாக மறந்தது. நான் கட்கி பாக்டரியில் ஃபிட்டர். ஒரு போல்ட்டை எந்தப் பக்கம் சுற்றினால் இறுகும் என்பது எனக்கு மறந்துபோனால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சாமியார்கள் உத்தியோகத்தில் அந்தத் தொந்தரவு கிடையாது.

விஷயம் கூரையிலிருந்து ஆரம்பித்தது. எங்கள் கோயில் கூரை மழைக்காலத்தில் ஒழுகும். பங்குச் சாமியார் ஃபாதர் லோபோ மங்களூர்க்காரர், நல்ல மனிதர், யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். எங்கள் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் கற்றுக்கொண்டவர். பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டே பல வருடம் பூசை வைத்தார். அந்த நேரத்தில்தான் ஃபாதர் ரெஜினால்ட் டிமெல்லோ வந்து சேர்ந்தார். அவர் ரோமில் போய் இந்தியாவைப் பற்றிப் படித்தவர். படித்துவிட்டுத் திரும்பும்போது காவி ஜிப்பா போட்டுக்கொண்டு, ருத்திராட்ச மாலையில் சிலுவையைக் கோர்த்துக்கொண்டு, சுவாமி பிராணதாஸ் என்று பெயரையும் மாற்றிக்கொண்டு வந்தார். ஜெர்மனியில் ஒரு அறக்கட்டளை அவருக்குப் பின்னால் நின்றது. "கூரையை நான் போட்டுத் தருகிறேன். கூரைக்குக் கீழே நடப்பதை என்னிடம் விட்டுவிடுங்கள்" என்றார். லோபோ வாளியைப் பார்த்தார், சரி என்றார். திருவழிபாட்டுப் பருவ யோக நிலையம் இப்படித்தான் உண்டாயிற்று.

நிலையத்தின் கொள்கை ரொம்பச் சுருக்கமானது. சபை தன் வருடத்தைப் பருவங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது அல்லவா, அந்த ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு ஆசனம், ஒரு மூச்சு, ஒரு நிறத்தில் பாய். பங்கில் நடக்கிற பூசை, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எதுவானாலும் அந்தப் பருவத்தின் ஆசனத்தில்தான் நடக்கவேண்டும். முதல் வருடம் வெள்ளோட்டம் விட்டார்கள். பெந்தகோஸ்தே ஞாயிறன்று ஆவியானவர் நெருப்பாக இறங்கினார் என்பதால் சிவப்புப் பாயில் உட்கார்ந்து துருத்தி மாதிரி மூச்சை இழுத்து இழுத்து விடச் சொன்னார்கள். பாடகர் குழுவின் எஸ்தர் அக்கா ஆர்மோனியத்தின்மேல் சாய்ந்து விழுந்தாள். ஜெபக்குழுக்காரர்கள் ஆவியானவர் வந்துவிட்டார் என்று அவளைச் சொந்தம் கொண்டாட, நிலையத்தார் அது பிராண சக்தி என்று உரிமை கோர, கடைசியில் குளுக்கோஸ் ஏற்றிய டாக்டர் ரத்தசோகை என்றார். நிலையத்தின் ஆண்டறிக்கையில் டாக்டர் சொன்னது மட்டும் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்காலத்திலிருந்து வெள்ளோட்டம் போய்ச் சட்டம் வந்தது. மீட்பர் இன்னும் வரவில்லை, நாம் காத்திருக்கிறோம், ஆகவே இல்லாத நாற்காலியில் உட்காரவேண்டும். ஊதாப் பாயில் நின்று, முட்டியை மடக்கி, பின்பக்கத்தை அந்தரத்தில் வைத்துக்கொண்டு முழுப் பூசையும் காணவேண்டும். எனக்கு வலது முட்டியில் ஜவ்வு தேய்ந்துவிட்டது. பிரசங்கம் பாதியில் நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சுவாமி பக்கத்தில் வந்து, என் முட்டிமேல் கையை வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். "உங்கள் முட்டி இன்னும் தவக்காலத்திலேயே இருக்கிறது" என்றார்.

கிறிஸ்துமஸ் காலத்துக்குக் குழந்தை ஆசனம். மண்டியிட்டுக் குப்புறக் கவிழ்ந்து நெற்றியைத் தரையில் வைக்கவேண்டும். அந்த வாரம் தோபிகாட் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். அப்பா, அம்மா, ஞானப் பெற்றோர், சொந்தக்காரர் எல்லோரும் வெள்ளைப் பாயில் குழந்தையாகக் கவிழ்ந்து கிடந்தார்கள். நிஜக் குழந்தையைத் தூக்க ஆளில்லை. லோபோ ஒரு கையில் பிள்ளையையும் ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பையும் வைத்துக்கொண்டு, மெழுகுவத்தியை யாரிடம் கொடுப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ரீனா விஷயத்தில்தான் வேடிக்கை நின்றுபோனது.

ரீனாவுக்கு இருபத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. சிஞ்ச்வட்டில் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள். இரண்டு இடம் வந்து தட்டிப்போயிற்று. ஒருவர் பெண்ணுக்குத் தமிழ் சரியாக வரவில்லை என்றார். இன்னொருவர் காரணமே சொல்லவில்லை. மூன்றாவதாகக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவன் தருண், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இவள் தமிழைக் கேட்டு அவன் சிரித்தான், அவன் இந்தியைக் கேட்டு இவள் சிரித்தாள். சமையலறையில் நின்றுகொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்ட என் வீட்டுக்காரி சின்னம்மா அழுதுவிட்டாள். அந்தப் பையனுக்கு லீவு பிப்ரவரி நடுவில் முடிகிறது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் கழித்துத்தான் வருவான்.

கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது சுலபமான காரியமில்லை. திருவருகைக்காலத்தில் வைக்கமாட்டார்கள், தவக்காலத்தில் வைக்கவே மாட்டார்கள். கிறிஸ்துமஸ் காலம் முடிந்து, தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் வருவதற்குள் ஒரு சந்து இருக்கிறது. அதற்குப் பெயர் பொதுக்காலம். தருணுக்கும் ரீனாவுக்கும் இருந்தது அந்தச் சந்து மட்டும்தான். விபூதிக்கு முந்தின திங்கட்கிழமை என்று முடிவு செய்து, பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லி லோபோவிடம் போனேன்.

லோபோ என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார். "ஜான், ஏக் ப்ராப்ளம் ஹை. பொதுக்காலத்துக்கு இன்னும் ஆசனம் முடிவு ஆகலே."

"அதுக்கென்ன ஃபாதர், நின்னுக்கிட்டே கட்டிக்கிறோம்."

"அப்படிச் சொல்லாதே. நிக்கிறதும் ஒரு ஆசனம்தான்னு மேலே ஒரு கட்சி இருக்கு" என்றார் லோபோ. மாடிக்குக் கையைக் காட்டினார்.

மாடியில் சுவாமி பிராணதாஸ் இருந்தார். தரையில் உட்கார்ந்துதான் பேசுவார், ஏசி அறையில். அவர் பேசியது இங்கிலீஷ். எனக்கு விளங்கிய அளவில் தமிழில் சொல்கிறேன்.

"ஜான், திருவருகை எளிது. கிறிஸ்துமஸ் எளிது. அங்கெல்லாம் ஏதோ நடக்கிறது. பொதுக்காலத்தில் என்ன நடக்கிறது? ஒன்றும் நடப்பதில்லை. ஒன்றும் நடக்காதபோது மனித உடல் என்ன செய்யும்? ஐரோப்பாவிலேயே இதற்கு விடை இல்லை."

"கல்யாணம் நடக்கும், ஃபாதர்."

அவர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "அதுதான் எங்கள் சிக்கல். இந்த நிலையமே சாதாரண மக்களுக்காகத்தான். ஆனால் சாதாரண மக்கள் ஓயாமல் கல்யாணம், பிள்ளை, சாவு என்று வந்து நிற்கிறார்கள். ஆய்வு தடைப்படுகிறது."

வேறு பங்கில் வைத்துக்கொள்கிறோம், கட்கியில் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அதற்கு எங்கள் பங்கு சம்மதம் தரவேண்டும். சம்மதம் தருவதும் ஒரு வழிபாட்டுச் செயல் என்றார் சுவாமி. வழிபாட்டுச் செயலுக்கு ஆசனம் வேண்டும். ஆசனம் முடிவாகவில்லை. நான் படியிறங்கி வந்தேன். கீழே வராந்தாவில் சோலாப்பூர் தையல்காரர் ஒருவர் பச்சைத் துணிக் கட்டுமேல் உட்கார்ந்திருந்தார். பொதுக்காலத்துக்குப் பச்சைப் பாய். உட்காருவது என்றால் குட்டை, படுப்பது என்றால் நீளம். முடிவு தெரியாமல் அவரால் கத்தரிக்கோலை வைக்கமுடியவில்லை. நானும் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

மறுநாள் டீ நேரத்தில் ராம்பிரசாத்திடம் சொன்னேன். பக்கத்து மிஷின்காரன். அவன் தாத்தா வேலூரிலிருந்து வந்து இதே பாக்டரியில் சேர்ந்தவர்.

"அண்ணே, எங்க வீட்ல மூணு தலைமுறையா யாரும் யோகா பண்ணதில்ல" என்றான். "அப்பா காலைல எந்திரிச்சா ஒரு பீடி, அப்புறம் ஷிப்டு. நாங்கல்லாம் இதப் பண்றோம்னு உங்க ஆளுங்களுக்கு யாரு சொன்னது?"

"ரோம்ல சொல்லியிருக்காங்க."

"சரி, எதுக்கும் எங்களையும் ஒருவார்த்தை கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவன் பக்கோடாவை எடுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் எனக்கு மாடியிலிருந்து அழைப்பு வந்தது. பொதுக்கால ஆசன நிர்ணயக் குழு கூடுகிறது, ஒரு சாதாரண மனிதரை விசாரிக்க விரும்புகிறது, அந்தச் சாதாரண மனிதர் நீங்கள்தான் என்றார்கள். கல்யாணத் தேதிக்கு வழி பிறக்கும் என்று நம்பி, இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். சுவாமி நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் நிற்போர் கட்சி, இடப்பக்கம் படுப்போர் கட்சி. இரண்டு கட்சியும் தரையில் சம்மணமிட்டுத்தான் உட்கார்ந்திருந்தது. எனக்கு முட்டிக்காக ஒரு ஸ்டூல் போட்டார்கள். ஸ்டூல் எந்தப் பருவத்தைச் சேர்ந்தது என்று யாரோ கேட்டதற்கு, அது விதிவிலக்கு என்று சுவாமி குறித்துக்கொள்ளச் சொன்னார்.

"ஒன்றும் நடக்காத ஒரு நாளில் உங்கள் உடல் என்ன செய்கிறது?" என்று கேட்டார்கள்.

"மிஷின் முன்னால நிக்குது" என்றேன்.

நிற்போர் கட்சி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டது. அதன் தலைவர், ஒரு பேராசிரியர், "மலை ஆசனம். தொழிலாளி தன்னையறியாமல் மலையாக நிற்கிறான்" என்றார்.

"அப்புறம்?" என்றது படுப்போர் கட்சி.

"அப்புறம் வீட்டுக்கு வந்து படுக்குது."

"எப்படிப் படுக்கிறது? மல்லாந்தா?"

"பக்கவாட்டுல. மல்லாந்தா சின்னம்மா குறட்டைன்னு எழுப்பிவிடுவா."

இதன்மேல் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. பக்கவாட்டில் படுப்பதற்குச் சபைத் தந்தையர்களின் ஆதாரம் உண்டா என்று ஒருவர் கேட்டார். உண்டு, ஆனால் கிரேக்கத்தில் என்றார் இன்னொருவர். நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அப்போதுதான் தூக்கினேன்.

"ஃபாதர், என் பொண்ணுக்கு இது மூணாவது இடம். அந்தப் பையன் விபூதிக்கு மறுவாரம் பிளேன் ஏறுறான். நீங்க நிக்கச் சொன்னா நிக்கிறோம், தலைகீழா நிக்கச் சொன்னாலும் நிக்கிறோம். எதையாவது ஒண்ணு சொல்லுங்க. இதுக்குமேல எனக்குத் தாங்காது."

சுவாமி என்னைக் கனிவாகப் பார்த்தார். "தலைகீழ். இதை நாம் யோசிக்கவே இல்லை" என்றார். அதை ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரியே கோயம்புத்தூரிலிருந்து போன். தருணின் அம்மா அமலா. மரியாதையான பொம்பளை. கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடிவிடும்.

"ஏனுங்க சம்பந்தி, நாங்க எல்லாருக்கும் ட்ரெயின்ல டிக்கெட் போட்டுட்டமுங்க. கோயில்ல ஓலை வாசிச்சாங்களா இல்லீங்களா? விபூதிக்கு முன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. கருமத்தம்பட்டில ஒரு பொண்ணு வீட்ல கேட்டுட்டே இருக்கறாங்க. பையன் கண்ணாலம் பண்ணாம திரும்பப் போகக்கூடாதுங்க."

"முடிஞ்சிரும்ங்க" என்றேன். பொய்தான். ரீனா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய் மறுநாள் ஆபீசுக்குப் போடவேண்டிய சுடிதாருக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

எங்களைக் காப்பாற்றியது ஜெர்மனிதான். அறக்கட்டளையிலிருந்து நான்கு பேர் வருகிறோம் என்று தகவல் வந்தது. அவர்கள் வருகிற நாள் விபூதிக்கு முந்தின திங்கட்கிழமை. பொதுக்காலத்தில் இந்தியக் கிறிஸ்தவன் எப்படி மூச்சு விடுகிறான் என்று நேரில் பார்க்கவேண்டுமாம். பல மாதமாக முடிவாகாத ஆசனம் ஒரு சாயங்காலத்தில் முடிவாயிற்று. காரணத்தைச் சுவாமியே என்னிடம் சொன்னார்.

"நிற்பது என்று வைத்தால், விருந்தாளிகளுக்குப் பழைய பூசைக்கும் நம் பூசைக்கும் வித்தியாசம் தெரியாது. உட்கார்ந்தாலும் அப்படித்தான். ஆகவே ஆன்மிகக் காரணங்களுக்காகப் படுப்பது என்று தீர்மானித்தோம். இளைப்பாறல் ஆசனம். உங்கள் மகளுக்கு அதில் முதல் கல்யாணம். எவ்வளவு பெரிய பாக்கியம்."

எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. கல்யாணம் உண்டு என்பது மட்டும் விழுந்தது. சுவாமியின் கையைப் பிடித்து முத்தி செய்தேன். மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டிய ஓலை ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டது. வராந்தாவில் தையல் மிஷின் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை காலையில் கோயிலுக்குள் நுழைந்தபோது பெஞ்சுகளைக் காணோம். தரை முழுக்க ஆளுயரப் பச்சைப் பாய்கள். ஜெர்மன்காரர்கள் நால்வரும் நிலையத்து ஆட்களும் முன்வரிசையில் ஏற்கெனவே மல்லாந்திருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் பட்டுப்புடவையும் வேட்டியுமாக வாசலில் திகைத்து நின்றார்கள். பயணக் களைப்புக்குப் படுக்கை போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பெரியவர் நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்தார்.

பீடத்துக்கு முன்னால் இரண்டு பாய். ரீனாவையும் தருணையும் மாலையும் கழுத்துமாக அதில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார் சுவாமி. கண்ணை மூடச் சொன்னார். ஆழ்ந்த இளைப்பாறலில் உடம்பு குளிரும் என்று இருவருக்கும் நெஞ்சுவரை வெள்ளைத் துணி போர்த்தினார். தலைமாட்டில் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றி வைத்தார். பிறகு ஒரு பச்சை ரிப்பனை எடுத்து, இருவரும் இனி ஒரே உடல் என்பதற்கு அடையாளமாக, அவன் வலது கால் பெருவிரலையும் அவள் இடது கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

இந்தியாவை ரோமில் படித்த மனிதர், ஒரு தமிழன் வீட்டுச் சாவுக்குப் போனதில்லை போலிருக்கிறது. மாலை போட்டு மல்லாக்கக் கிடத்தி, வெள்ளைத் துணி போர்த்தி, தலைமாட்டில் விளக்கேற்றி, கால் கட்டை விரலைக் கட்டினால் அதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியும். சின்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் ஏதோ ஒரு கிழவி பழக்கதோஷத்தில் மெதுவாக ஒப்பாரியை ஆரம்பித்தே விட்டாள்.

அமலா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"என்றா பண்றீங்க என்ற பையன?" என்றாள். முதல்முறையாக மரியாதை போயிருந்தது. "மால போட்டுப் படுக்கப் போட்டு, வெள்ளத் துணி போத்தி, கால் வெரல வேற கட்டறீங்களா? உசுரோட இருக்கறான் அவன். ரெண்டு நாளா ட்ரெயின்ல வந்தது இதப் பாக்கறதுக்கா? டேய் தருண், எந்திரிடா. வண்டிய எடுக்கச் சொல்லுங்க, போலாம்."

ஜெர்மன்காரர்களில் ஒருவர் ஒரு கண்ணைத் திறந்து இது என்ன என்று கேட்டார். சுவாமி அவரிடம், "நாட்டார் புலம்பல் மரபு. மணமகன் வீட்டார் செய்வது" என்று மெல்லிய குரலில் விளக்கினார். அவர் பரவசத்தோடு கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சுவாமி எங்கள் பக்கம் திரும்பினார். "அவர்களுடைய மூச்சு மேலேயே நிற்கிறது. அதைக் கவனிக்கவேண்டாம். இனி நான் மணியடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது, கண் திறக்கக்கூடாது. உள்ளே போகலாம்." மணியைத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு அவரும் தம் பாயில் மல்லாந்தார். நிற்போர் கட்சியும் படுப்போர் கட்சியும் இரண்டு பக்கமும் சீராகக் கிடந்தன.

அமலா மகன் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டாள். ரிப்பன் அறுந்தது. கோயம்புத்தூர்க்காரர்கள் செருப்பைத் தேடினார்கள். தருண் அம்மாவையும் பார்க்கிறான், பாயில் கிடக்கிறவளையும் பார்க்கிறான். மூன்றாவது இடமும் என் கண்ணெதிரே வாசலைப் பார்த்துத் திரும்பியது.

ரீனா துணியை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். கோபத்திலும் அப்படித்தான்.

"ஆன்ட்டி, ஏக் மினிட். எனக்கும் இது பிடிக்கலே. டாடி கஷ்டப்பட்டாங்கன்னு நான் படுத்தேன். நீங்க போயிட்டீங்கன்னா..." வார்த்தை தேடினாள். "நீங்க இப்போ போயிட்டா நான் நிஜமாவே இப்படித்தான் கிடப்பேன். யாரும் எழுப்ப வரமாட்டாங்க. எனக்கு நின்னுட்டு கல்யாணம் பண்ணணும் ஆன்ட்டி. அவ்ளோதான்."

அமலா குனிந்து ரீனாவின் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரி கண்ணு. மாலையச் சரி பண்ணு" என்றாள்.

ஃபாதர் லோபோ இதுவரை பீடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் ஒரு பாய் போட்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், புதுக் கூரையைப் பார்த்தார், என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"ஜான், மணி அடிக்கிற வரைக்கும் அவங்க யாரும் எழுந்திருக்க மாட்டாங்க, சரியா?"

"சட்டம் அப்படித்தான் ஃபாதர்."

"மணி யார்கிட்டே இருக்கு?"

சுவாமியைக் காட்டினேன். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. மணி நெஞ்சின்மேல் ஏறி இறங்கியது.

"அப்போ ஜல்தி" என்றார் லோபோ. மேல்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

தமிழர்கள் குசுகுசுவென்று நடத்திய ஒரே கல்யாணம் உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும். எங்கள் ஆட்களில் படுத்திருந்தவர்களும் எழுந்துகொண்டார்கள். படுத்துக்கிடக்கிறவர்களைத் தாண்டித் தாண்டி, யார் கையையும் மிதித்துவிடாமல், பீடத்தைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டோம். லோபோ காதோடு சொன்னதைத் தருண் காதோடு திருப்பிச் சொன்னான். ரீனாவின் முறை வந்தபோது ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. கிசுகிசுப்பில் அவள் தமிழ் நன்றாகத்தான் இருந்தது. லோபோ தாலியை மந்திரித்துக் கொடுத்தார். தருண் கட்டினான். எஸ்தர் அக்கா பாட முடியாமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாள், கண்ணில் நீர் வழிந்தது. சின்னம்மாவுக்குக் குலவை தொண்டைவரை வந்துவிட்டது. நான் அவள் வாயைப் பொத்தினேன். என் உள்ளங்கையில் அவள் குலவையிட்டாள்.

அப்படியே ஒவ்வொருவராக வெளியே வந்து, நிலையத்து ஹாலில் இலை போட்டோம். மட்டன் பிரியாணி. ராம்பிரசாத் அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றான். அப்புறம் சத்தத்துக்கு என்ன குறைச்சல், கோயிலுக்குள் பேசாமல் இருந்ததையெல்லாம் பந்தியில் சேர்த்துப் பேசினார்கள். இரண்டாவது பந்தி பாதியில் இருக்கும்போது கோயிலுக்குள்ளிருந்து மணி கேட்டது.

சுவாமி பிராணதாஸ் கன்னத்தில் பாயின் வரிகளோடு ஹாலுக்குள் வந்தார். பின்னாலேயே ஜெர்மன்காரர்கள். ரீனா கழுத்தில் தாலியையும் இலைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கல்யாணம்?" என்றார்.

"முடிஞ்சிருச்சு ஃபாதர்."

நான் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. விருந்தாளிகளிடம் திரும்பினார். "கவனித்தீர்களா? நாம் யாருமே இல்லாத ஆழத்தில் இருந்தோம். அங்கிருந்தே ஒரு திருவருட்சாதனம் நிறைவேறியிருக்கிறது. சடங்கு செய்கிற ஆளே தேவைப்படவில்லை." ஜெர்மன்காரர்கள் கைகூப்பினார்கள். வாழ்க்கையில் இவ்வளவு அமைதியான கல்யாணத்தைப் பார்த்ததில்லை என்றார்கள். அறக்கட்டளையின் அடுத்த மூன்று வருடத் திட்டம் அந்த இடத்திலேயே முடிவானதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இப்போது நிலையத்துக்கு நாசிக்கிலும் ஒரு கிளை இருக்கிறது.

சுவாமிக்கு அத்தோடு திருப்தியில்லை. மணமகன் தாயின் அனுபவத்தையும் விருந்தாளிகள் கேட்கவேண்டும் என்று, அமலா உட்கார்ந்திருந்த இலைக்கு முன்னால் அவர்களை அழைத்து வந்து நிறுத்தினார். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். அமலா வாயிலிருந்த எலும்பை எடுத்து இலையோரம் வைத்தாள். மரியாதை திரும்பி வந்திருந்தது.

"நல்லா இருந்துச்சுங்க சாமி" என்றாள். "எங்கூர்ல இப்படிக் கண்ண மூடிப் படுத்துட்டா, அதுக்கப்புறம் ஆகவேண்டியத நாலு பேர் வந்து தூக்கிப் பாத்துக்குவாங்க. உங்களுக்குத்தான் பாவம், நாங்க சோத்துக்கு வந்துட்டோம், ஆளில்லாமப் போச்சுங்க."

ஜெர்மன்காரர்கள் நோட்டும் பேனாவுமாக என்னைப் பார்த்தார்கள். சுவாமியும் ஆவலாகப் பார்த்தார்.

"உங்க ஆசனம் பிரமாதமா இருந்துச்சாம் ஃபாதர்" என்றேன். "நீங்க எந்திரிச்சதுதான் அவங்களுக்கு வருத்தம்."